பாலில் கரைத்த பொடி

சாதனா பெட்டியுடன் படியிறங்கிச் சென்ற பின்னரும், மாட்டுங்கா வீட்டில் நாகலக்ஷ்மியின் கை நான்கு டம்ளர் காப்பிக்கே டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் ஒரு டம்ளர் மிஞ்சும். கீழே கொட்ட மனம் வராமல், முற்பகலில் அதனைச் சூடுபண்ணித் தானே குடிப்பாள். ஆறிச் சுட்ட காப்பிக்கு ஒரு கசப்பு உண்டு. அந்தக் கசப்புக்கு முகம் சுளித்ததைத் தவிர, மருமகள் போனதைப் பற்றி அவள் இதுவரை யாரிடமும் எதுவும் காட்டிக்கொண்டதில்லை.

வாசற்கதவின் பின்புறம் நான்கு ஆணிகள் இருந்தன. மூன்றில் சாவிகள் தொங்கின. நான்காவது காலி. கல்யாணமாகி வந்த வாரத்தில், குருவாயூரில் வாங்கிய பித்தளை யானை கோத்து நாகலக்ஷ்மியே மருமகள் கையில் கொடுத்த சாவி அது. சாதனா அதனை விட்டுவிட்டுப் போகவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போனவள் வந்துதானே ஆகவேண்டும் என்று, அந்தக் காலி ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் நாகலக்ஷ்மி தேற்றிக்கொள்வாள்.

வீட்டைப் பிரித்தது பெரிய விஷயமன்று. ஒரு டப்பா பொடி.

மழைக்காலத் தொடக்கத்தில் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நாகலக்ஷ்மியின் கணவர் வெங்கடேஸ்வரன் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆயினும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் பாதி ஆளாக இருந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. எலும்பு கூடினால் மட்டும் போதாது, நிற்பதற்குத் தசை வேண்டும், தசைக்குப் புரதம் வேண்டும் என்றார் மருத்துவர். முட்டை நுழையாத வீடு. பருப்பிலும் தயிரிலும் இரண்டு கரண்டிக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. ஆகவே, உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் குடிக்கும் வே புரோட்டீன் பொடியை வாங்குவதென்று முடிவாயிற்று.

அதில் மூன்று வகை உண்டென்பதைச் சாதனாதான் விசாரித்து வந்து சாப்பாட்டு மேசையில் விளக்கினாள். மூன்றுமே, பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் எஞ்சும் தெளிநீரை உலர்த்திச் செய்பவை. கான்சென்ட்ரேட் மலிவு, பாலின் சர்க்கரை அதில் சற்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசொலேட்டில் அந்தச் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கியிருப்பார்கள். விலை ஏறத்தாழ இருமடங்கு. ஹைட்ரோலைசேட் என்பது பாதி செரித்தே வைத்தது போன்றது; அதன் விலையைக் கேட்டதும் மகன் கிருஷ்ணா வாய்விட்டுச் சிரித்துவிட்டான். தாணேயில் அவன் வாங்கிய, இன்னும் கட்டி முடியாத ஃபிளாட்டின் தவணை மாதா மாதம் அவன் சம்பளத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. முதலில் மலிவானதே வந்தது.

வெங்கடேஸ்வரனின் வயிறு அதனை ஏற்கவில்லை. ஊதிப் பொருமியது, கழிவறைக்கும் கட்டிலுக்குமாக அவரைத் தாங்கிச் செல்வதே வேலையாயிற்று. சாதனா அடுத்த மாதம் தன் செலவிலேயே இரண்டாம் வகையை வாங்கி வந்தாள். "இதைத் தண்ணில கலந்து குடுங்கோம்மா" என்றும் சொன்னாள்.

நாகலக்ஷ்மி பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்றவள். படிக்காமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டவள் அல்லள். ஆனால் அந்த டப்பாவை அவள் படிக்கவில்லை. அதன் மேல் சட்டையில்லாத ஓர் ஆண் புஜத்தை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். இரண்டாம் மாடி ஜம்பு மாமா பார்த்துவிட்டு, "என்ன வெங்கடேஸ்வரா, எந்தப் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கே?" என்று கேட்டுவிட்டார். அன்றே அவள் பொடியை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றினாள். டப்பாவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்த ஆளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய காலண்டர்த் தாளைச் சுற்றி, அப்பளம் போட்டு வைத்தாள். இந்த வீட்டில் நல்ல மூடியுள்ள எந்த டப்பாவும் குப்பைக்குப் போனதில்லை.

தண்ணீரில் கலப்பதாவது! பாலை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறாள் என்றே அவளுக்குத் தோன்றிற்று. நோயாளிக்குத் தண்ணீரில் எதனையாவது கரைத்துக் கொடுப்பது அவள் கைக்கு வராத காரியம். தபேலா என்னும் எருமைக் கொட்டிலிலிருந்து வரும் பாலை ஆடை படியக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, வெள்ளி டம்ளர் நிறைய ஆற்றிக் கொடுத்தாள். வயிறு முன்னிலும் மோசமாயிற்று.

போன வாரம் அது வெடித்தது. பை போய் டப்பா வந்தால் பொடி மாறிவிடுமா, அதே மலிவுப் பொடியைத்தான் டப்பாவில் வாங்கி வந்து ஏமாற்றுகிறாய் என்று நாகலக்ஷ்மி மருமகளிடம் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்கப்பாவா இருந்தா இப்படித்தான் வாங்கிப் போடுவியா?" என்று கேட்டுவிட்டாள்.

சாதனா உள்ளே போய்ப் பெட்டியை அடுக்கினாள். கிருஷ்ணா தாயையும் தடுக்கவில்லை, மனைவியையும் தடுக்கவில்லை. செம்பூரில் தன் தாய் தனியாக இருக்கும் வீட்டுக்குச் சாதனா போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, கிருஷ்ணா ஆபீசுக்குக் கிளம்பிய பின்னர், நாகலக்ஷ்மி ஒரு தீர்மானத்துடன் புடவை மாற்றினாள். அடுத்த வாரம் மருத்துவர் வெங்கடேஸ்வரனை நிற்க வைத்துப் பார்ப்பார். குருவாயூர் போவதற்கென்று தன் பென்ஷனிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த பணம் பீரோவில் இருந்தது. அதனைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது வகையை, கிருஷ்ணா சிரித்த அந்த வகையை, அவளே வாங்கி வரப்போகிறாள். மருமகள் எங்கே கையைச் சுருக்கினாளோ, அங்கே தான் விரித்துக் காட்டுவாள்.

கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த வெங்கடேஸ்வரன் தலையை உயர்த்தினார்.

"எங்கே கிளம்பிட்டே?"

"சயானுக்கு. பொடி வாங்க. நல்லதா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடியும் மடித்தார். "வெயில்லே போறே. குடை எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

சயான் ஸ்டேஷனை அடுத்து, தாராவிக்குத் திரும்பும் சாலையில், ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் கீழே இருந்தது அந்தக் கடை. வீட்டில் அவள் சுரண்டி எடுத்த ஆளைப்போன்ற பத்துப் பேர் சுவரெங்கும் புஜத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நாகலக்ஷ்மி தரையைப் பார்த்தபடியே கல்லாவை அடைந்தாள்.

கடைக்காரன் அப்ரார், மகனுக்கா ஆண்டி என்று ஹிந்தியில் கேட்டான். இல்லை, கணவருக்கு என்றாள். வயது கேட்டான். எழுபத்தொன்று என்றாள். பக்கத்தில் நின்று பொடி வாங்கிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் திரும்பி அவளை மிகுந்த மரியாதையுடன் பார்த்தார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும். எந்தக் கம்பெனி வேண்டும் என்று அவன் கேட்டதற்கு, சாதனா சொன்ன பெயரைச் சொன்னாள். அதில் உள்ள மூன்று வகையையும் காட்டும்படி கேட்டாள்.

அவன் முதலில் ஒரு சிவப்புப் பையை எடுத்து வைத்தான். கான்சென்ட்ரேட். அதன் பக்கத்தில் ஒரு கருநீல டப்பாவை வைத்தான். மூன்றாவதற்காக ஏணியைச் சாய்த்து மேல்தட்டுக்கு ஏறினான்.

அவன் இறங்குவதற்குள் நாகலக்ஷ்மி இரண்டாவதைத் தன் பக்கம் இழுத்துவிட்டாள்.

கருநீல டப்பாவின் மூடி பொன் நிறமாக இருந்தது. ஓரத்தில் வரிவரியாகப் பள்ளங்கள். நடுவில் ஒரு நட்சத்திரம் புடைத்திருந்தது. நாள்தோறும் சமையற்கட்டில் அப்பளம் எடுக்கும்போது அவள் கட்டைவிரல் படுகிற நட்சத்திரம்.

இது என்ன வகை என்று கேட்டாள். ஐசொலேட் என்றான். மலிவான வகையும் இதே மாதிரி டப்பாவில் வருமா என்றாள். வராது, அது பையில்தான் வரும் என்றான். முன்பு வந்ததுண்டா, போன மாதம், அதற்கு முந்திய மாதம்? எப்போதும் வந்ததில்லை ஆண்டி, பொன் மூடி என்றாலே ஐசொலேட்தான் என்றான் அவன், சற்று வியப்புடன். பிறகு மூன்றாவது டப்பாவைத் துடைத்து முன்னால் தள்ளி, எதைப் பையில் போடட்டும் என்று கேட்டான்.

அவள் கைப்பையை மூடிக்கொண்டாள். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னாளோ, சொல்லாமலே வந்தாளோ, பின்னால் எண்ணிப் பார்த்தபோது அவளுக்கே நினைவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாதனா பொய் சொல்லவில்லை. இருமடங்கு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறாள். அவ்வளவு கேட்டும் டப்பாவை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டவில்லையே, ஏன்? நீட்டியிருந்தாலும் பயனில்லை என்பது நாகலக்ஷ்மிக்கு உடனே விளங்கியது. சாட்சியைச் சுரண்டிக் காலண்டர்த் தாள் சுற்றியவள் அவளேதான்.

ஆயினும் மனித மனம் தனக்கென ஒரு நிழலைத் தேடிக்கொள்ளாமல் விடுவதில்லை. பஸ் மாட்டுங்காவுக்குள் திரும்புவதற்குள் அவளுக்கும் ஒரு நிழல் அகப்பட்டது. நல்ல பொடி கொடுத்தும் அவருக்கு ஆகவில்லை. ஆகவே அவர் உடம்புக்கு எந்தப் பொடியுமே ஆகாது. சாதனா பேரிலும் குற்றமில்லை, தன் பேரிலும் குற்றமில்லை. இப்படியே சொல்லி அவளை அழைத்து வந்துவிடலாம்.

அந்த நிழல் வாசற்கதவைத் திறக்கும் வரைதான் இருந்தது.

கட்டில் காலியாக இருந்தது. பதறிப்போய்க் குடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சமையற்கட்டில், வாக்கரை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, மேடையருகே வெங்கடேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். கால்கள் நடுங்கின. ஆனால் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரே வெள்ளி டம்ளர் காலியாக இருந்தது.

"தனியாவா எழுந்து வந்தேள்?"

"தனியாத்தான். பாதி வழியிலே திரும்பிடலாமான்னு பார்த்தேன். திரும்பறது அதைவிடக் கஷ்டமா இருந்தது." அவர் சிரிக்க முயன்றார். "பொடியும் நானே கலந்துண்டேன்."

"பாலே காய்ச்சலையே இன்னும்."

"தண்ணிலதான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். தானும் தரையில் உட்கார்ந்தாள். கடையில் கண்டதைச் சொன்னாள். பொன் மூடியைப் பற்றிச் சொன்னபோது அவர் நிமிர்ந்து அலமாரியைப் பார்க்கவில்லை. வியப்பும் அடையவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

வெங்கடேஸ்வரன் வாக்கரின் ரப்பர்ப் பிடியை நகத்தால் கீறிக்கொண்டே பேசினார்.

"அவ வாங்கிண்டு வந்த அன்னிக்கே சொன்னா, நாகு. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் எனக்குப் பால்தான் சேரலேன்னு டாக்டர்கிட்ட கேட்டுண்டு வந்திருக்கா. 'பாலோட சக்கரையை எடுத்த பொடிப்பா இது. மறுபடியும் பால்ல போட்டா வாங்கினதுக்கே அர்த்தமில்லே'ன்னா."

"என்கிட்டச் சொல்லலையே. தண்ணில கலங்கோன்னுதானே சொன்னா?"

"சொன்னா. நீதான் கேட்டுக்கலே. 'பால் சேராத மனுஷா நம்மாத்துல கிடையாது'ன்னுட்டு உள்ளே போயிட்டே. நான் கூடத்துலதான் படுத்துண்டிருந்தேன்."

நாகலக்ஷ்மிக்கு நினைவு வந்தது. சொன்னதும் நினைவு வந்தது. சொல்லும்போது மருமகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்பதும் நினைவு வந்தது.

"அப்போ நீங்க வாயைத் திறந்திருக்கலாமோன்னோ? தினமும் குடிச்சேளே. குடிச்சுட்டுக் கஷ்டப்பட்டேளே."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ எனக்குத் தண்ணில ஒண்ணும் கரைச்சுக் குடுத்ததில்லே. ஆடையோட ஆத்தி, ஊதி, கையில குடுக்கறே. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" அவர் குரல் தாழ்ந்தது. "அன்னிக்கு நீ அவளைக் கேட்டப்போ சொல்லிருக்கணும். வாய் வரைக்கும் வந்தது. ரெண்டு பேர்ல ஒருத்தர் மனசு நோகணும்னா, அவ சின்னவ, பொறுத்துப்பான்னு நெனச்சேன்."

அடுப்பு மேடையில் மூடாமல் வைத்திருந்த பால் பாத்திரத்தை ஈ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. இருவருமே அதனை விரட்டவில்லை.

அவர் தாமே எழுந்து நடந்த முதல் நாள் இது. இந்த நாளுக்காக அந்த வீட்டில் மிகவும் காத்திருந்தவள் சாதனா. ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "இன்னிக்கு எத்தனை தூரம்பா?" என்று கேட்பவள். அவர் எழுந்து வந்ததைப் பார்க்க அவள் இல்லை.

அன்று மாலை நாகலக்ஷ்மி குர்லா ஸ்டேஷனில் நின்றாள். சாதனா தாணே ஆபீசிலிருந்து ஸ்லோ வண்டியில் வந்து, குர்லாவில் இறங்கி, செம்பூர் வண்டிக்கு மாறுவாள். செம்பூர் வீட்டுக்கே போயிருக்கலாம். ஆனால் அந்த வீட்டு வாசலில் நிற்கும் தைரியம் நாகலக்ஷ்மிக்கு இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு நவராத்திரி வெள்ளிக்கிழமை, தந்தைக்கு உடம்பு சரியில்லையாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாதனா புறப்பட்டாள். ஆத்துக்கு மனுஷாள் வருகிற நாள், சுண்டல் கொடுக்க ஆளில்லை, நாளைக்குப் போனால் என்ன என்று நிறுத்தியவள் நாகலக்ஷ்மி. மறுநாள் காலை சாதனா செம்பூருக்குப் போனபோது, தந்தையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அதனைக் குறித்துச் சாதனா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாதவளிடம்தான் நாகலக்ஷ்மி, 'உங்கப்பாவா இருந்தா' என்று கேட்டாள்.

பிளாட்பாரத்தில், பெண்களின் முதல் வகுப்பு வந்து நிற்கும் கோடு போட்ட தூணருகே அவள் காத்திருந்தாள். முதல் வண்டி வந்தது. முதல் வகுப்பிலிருந்து சிலர் இறங்கினார்கள், சாதனா இல்லை. அடுத்த வண்டியிலும் இல்லை. மூன்றாவது வண்டி வந்தபோது, தற்செயலாகத் திரும்பிய நாகலக்ஷ்மி, சற்றுத் தள்ளி இரண்டாம் வகுப்புப் பெட்டியின் வாசலில் பிதுங்கிய கூட்டத்துக்குள் மருமகளைக் கண்டாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தியின் தோளைத் தள்ளிக்கொண்டு, துப்பட்டா எங்கேயோ சிக்க, சாதனா பிளாட்பாரத்தில் வந்து விழாத குறையாக இறங்கினாள்.

சாதனா முதல் வகுப்புப் பாஸ் வைத்திருந்தவள். அதனை எப்போது விட்டாள்? இந்தச் சில வாரங்களாக அவள் கசங்கிய துணியும் களைத்த முகமுமாக நேரம் கழித்து வந்ததையும், ஆபீசில் அரட்டை போலும் என்று தான் முணுமுணுத்ததையும் நாகலக்ஷ்மி நினைத்துப் பார்த்தாள். பொன் மூடிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதற்குமேல் யாரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மாமியாரைக் கண்டதும் சாதனாவின் முகம் வெளுத்தது.

"அப்பாக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே. நன்னா இருக்கார். இன்னிக்குத் தானே எழுந்து சமையலுள் வரைக்கும் நடந்து வந்தார்."

சாதனாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவளையும் மீறி வந்த வெளிச்சம். "சமையலுள் வரைக்குமா? அந்தப் படி இருக்கே அங்கே?" என்றாள். பின்னர் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தவள்போல், அந்த வெளிச்சத்தை அணைத்துக்கொண்டாள்.

இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வண்டிகள் வந்துபோகும் இரைச்சலுக்கு நடுவே நாகலக்ஷ்மி எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்குப் போனதை, மூடியை, அப்பளத்தை, எருமைப்பாலை, வெங்கடேஸ்வரன் பேசாமலிருந்ததை. கணவரைக் காட்டிக்கொடுக்க வேண்டாமென்று எண்ணித்தான் வந்தாள். ஆனால் பாதியை மட்டும் சொல்ல இயலவில்லை. கடைசியாக, "தப்பு என்னோடதுடீ கொழந்தே. ஆத்துக்கு வா" என்றாள்.

சாதனா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொடியைப் பத்திச் சொன்னதை விட்டுடுங்கோம்மா. அது தெரியாம சொன்னது. எனக்கு அதுல கோபமே இல்லே."

"பின்னே?"

"எங்கப்பாவைப் பத்திச் சொன்னேளே, அது தெரிஞ்சு சொன்னது."

அவள் குரலை உயர்த்தவில்லை. குற்றம் சாட்டுகிறவளின் தொனிகூட அதில் இல்லை. ஒரு கோப்பில் உள்ளதைப் படித்துச் சொல்வது போலச் சொன்னாள். இல்லை, தெரியாமல்தான் சொன்னேன் என்று சொல்ல நாகலக்ஷ்மிக்கு நாக்கு புரண்டது. ஆனால் அது பொய். சண்டையன்று, யாருக்கு எங்கே வலிக்கும் என்று நன்கு தெரிந்துதான் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து கிளம்பியது.

செம்பூர் வண்டி வருவதாக அறிவித்தார்கள். சாதனா எழுந்து நின்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக, முதுகைத் திருப்பிக்கொண்டு, பைக்குள் நெடுநேரம் துழாவினாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்று எண்ணி நாகலக்ஷ்மி வேறு பக்கம் பார்த்தாள்.

திரும்பியபோது சாதனாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. பொடி கலக்குவதற்கென்றே விற்கும் ஷேக்கர். உள்ளே ஒரு கம்பி உருண்டை கிடந்தது. அடியில் பொடி எடுத்துச் செல்வதற்குத் திருகிக் கழற்றும் சின்ன அறையும் இருந்தது.

"அப்பாக்குன்னு அன்னிக்கே வாங்கினது. குடுக்க முடியலே. தண்ணி விட்டு நன்னாக் குலுக்கினா கட்டி தட்டாது. வாசனை பிடிக்கலேன்னா ஒரு ஏலக்காய் தட்டிப் போடுங்கோ."

"ஞாயித்துக்கிழமை வருவியா? அவரைப் பார்க்கவாவது?"

"அப்பாவைப் பார்க்க வருவேன்" என்றாள் சாதனா. மேம்பாலப் படிக்கட்டில் ஏறிக் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் பாட்டில் கைப்பையில் கலகலத்துக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் நாகலக்ஷ்மிக்கு ஒருவகையில் ஆறுதலாகவே இருந்தது. கோபமிருந்தும் இதனைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஏலக்காய் வரைக்கும் நினைத்துப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு நினைப்பவள் வராமலா போய்விடுவாள்?

வீட்டில் விளக்கேற்றிவிட்டிருந்தார்கள். கிருஷ்ணா வந்திருந்தான், தந்தை எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டார் என்பது, அவன் நிமிராமல் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. வாயைத் திறக்காதவர்களில் தானும் ஒருவன் என்று அவனுக்குத் தெரியாதா?

"பார்த்தியாம்மா அவளை?"

"பார்த்தேன். ஞாயித்துக்கிழமை வரேன்னிருக்கா."

அவன் முகம் மலர்ந்தது. "நெஜமாவா?" என்று குழந்தைபோல் கேட்டுவிட்டு எழுந்தான். அறைக்குப் போய், ஒரு வாரமாகக் கட்டிலில் குவிந்து கிடந்த துணிகளை மடிக்கத் தொடங்கினான். அந்த அரவம் கூடத்துக்குக் கேட்டது.

"பொடி குடிக்கற நேரமாச்சே, நாகு" என்று வெங்கடேஸ்வரன் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "அவ குடுத்த பாட்டில்லேயே கலந்துடு. ஏலக்காய் போட்டுப் பார்ப்போம்."

நாகலக்ஷ்மி சமையற்கட்டுக்குச் சென்றாள். பாட்டிலைக் கழுவுவதற்காக முதலில் மேல் மூடியைத் திறந்து, கம்பி உருண்டையை எடுத்து வெளியே வைத்தாள். பாட்டிலைக் குழாயடியில் சாய்த்தாள்.

மறுபடியும் கலகலவென்றது.

அவள் குழாயை மூடினாள். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, அடியிலிருந்த சின்ன அறையைத் திருகினாள். அது அவள் உள்ளங்கையில் விழுந்தது. பித்தளை யானை, அதன் துதிக்கையில் கோத்த வாசற்கதவுச் சாவி.

யானையில் சாதனாவின் பையிலிருந்த சூடு இன்னும் இருப்பது போலத் தோன்றிற்று. இருக்க நியாயமில்லை. அவள் விரல்களை மூடிக்கொண்டாள். அறையில் மகன் துணி மடித்துக்கொண்டிருந்தான். கதவின் பின்புறம், இங்கிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், நான்காவது ஆணி காலியாக இருந்தது. இத்தனை நாள் அது காலியாக இருந்ததே அவளுக்குத் தெம்பாக இருந்தது.

"என்ன நாகு, ஏதோ கலகலத்த சத்தம்?" என்றார் வெங்கடேஸ்வரன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் திரும்பினாள். சமையற்கட்டு வாசலில், மடித்த துணிகளைக் கையில் ஏந்திக்கொண்டு, முகமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையாகக் கிருஷ்ணா நின்றிருந்தான்.

"ஒண்ணுமில்லே" என்றாள் நாகலக்ஷ்மி. "கம்பி உருண்டைதான்."

சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, கணவருக்குத் தண்ணீரில் பொடியைக் கரைக்கத் தொடங்கினாள்.